படத்தோடு எண்ணையும் தாருங்கள்

இலங்கையின் 2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாடளாவிய வறுமை 14.3 சதவீதம், பெருந்தோட்டத் துறையில் 33.8. பசறையிலும் அப்புத்தளையிலும் தோட்ட மக்களுக்காகப் பேசுகிறவர்களுக்கு இத்தகைய எண்களே ஆதாரம். ஆனால், ஆய்வாளர்கள் ‘ஆர்’ கணினி மொழியில் வரையும் வரைபடங்கள் எக்செல் தாளுக்கு வரும்போது பல வேளைகளில் வெறும் படங்களாகிவிடுகின்றன. அம்மொழியின் ‘ஓப்பன்எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ பொதியில் வரைபடம் சேர்க்கும் கட்டளை செய்வதும் அதுவே: திரையில் உள்ளதைப் படக்கோப்பாக்கித் தாளில் ஒட்டுகிறது. கோட்டைச் சொடுக்கினால் எண் வராது; பதுளை மாவட்டத்தை மட்டும் பிரித்துப் பார்க்கவும் முடியாது. அதே பொதியைக் கொண்டு அட்டவணையையும் பக்கத்துத் தாளில் எழுதிவிடலாம். அதற்கு ஓரிரு வரிகள் போதும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு அந்த வரிகளைக் கட்டாயமாக்க வேண்டும்.

எண்களை யாராவது மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆனால், மூலக்கோப்பை ஆய்வு நிறுவனமே பகிரங்கமாக வைத்திருந்தால், ஒப்பிட்டதும் மாற்றம் தெரிந்துவிடும். தனிநபர் இரகசியம் இன்னும் வலுவான தடை. ஒரு லயத்தில் சில குடும்பங்களே இருக்கையில் ஆளை அடையாளம் காண்பது எளிது. ஆனால் கேட்பது வீட்டுப் படிவங்களை அல்ல, வரைபடத்தில் ஏற்கெனவே வெளியான தொகுப்பு எண்களை. அவை கையில் இருந்தால், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழக மாணவரும் தொழிற்சங்க எழுதுவினைஞரும் அவற்றைச் சம்பளக் கணக்கோடு ஒப்பிட்டுப் பிரதேச செயலகத்தில் கேள்வி எழுப்பலாம்.