'ஏழு விழுந்தா நாலு மடங்கு': பகடை சூதாட்டத்தில் காசு எங்கே போகிறது?

பகடையில் நாட்டையே தோற்ற பாண்டவர்களுக்காகத் தூது போன கண்ணனுக்கு காஞ்சிபுரத்தில் தனிக் கோயிலே இருக்கு. அந்தப் பகடை இப்போது 'கிராப்ஸ்' என்ற பெயரில் கேசினோவிலும் செல்போனிலும் உருள்கிறது.

புதுசா ஆட வருபவர்களை இழுக்கும் பந்தயங்களில் ஒன்று, 'ஏழு'. 2 பகடைகளின் கூட்டுத்தொகை 7 வந்தால், கட்டிய 100 ரூபாய்க்கு 400 ரூபாய் லாபம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பகடைகள் விழக்கூடிய 36 விதங்களில் 7 வருவது ஆறே ஆறுதான். 36 முறை நூறு நூறாகக் கட்டினால், சராசரியாக 2,400 ரூபாய் வரும். 3,000 ரூபாய் போகும். மீதி 600 கேசினோவுக்கு! எத்தனை வருஷம் ஆடிப் பழகினாலும் இந்தக் கணக்கு மாறாது.

கோவா, சிக்கிமில் கேசினோவுக்கு அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2023-ல் தடைச் சட்டம் அமலானது. இதில் சிக்குவது நடத்துபவர் மட்டுமல்ல. ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், சில நேரம் இரண்டுமே.