வரி இல்லாத விரல்

‘இன்னா கண்ணு, என் வெரலு மிஷினுக்குத் தெரிலியா?’

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவருக்கு அறுபது வயதிருக்கும். முடங்கிப்போன கணக்கைத் திரும்ப இயக்க வந்திருந்தார். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாயிற்று. நான் மிஷின் கண்ணாடியைத் துடைத்தேன். அவர் வேட்டியில் விரலைத் துடைத்தார். பதியவில்லை. சரி பெரியப்பா என்று பழைய இங்க் பேடை எடுத்துப் பெருவிரலைக் காகிதத்தில் உருட்டினேன். நீலமாய் ஒரு திட்டு விழுந்தது. அதில் ஒரு வரிகூட இல்லை.

பின்னால் இருந்த சக ஊழியர், ‘கைய நல்லா கழுவிட்டு வரச் சொல்லுங்க சார்’ என்றார்.

அழுக்கு என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. நம் கையைப் பார்த்தால் நூற்றாண்டுகளாக இவர்களுக்கு அப்படித்தான் தோன்றி வந்திருக்கிறது.

பெரியப்பாவுக்கு ராணிப்பேட்டைப் பக்கம் டேனரியில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் இருபத்தெட்டு வருசம். இன்னமும் போகிறார். பச்சைத் தோலிலிருந்து மயிரை எடுக்க அந்தத் தொட்டியில் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். மயிர் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் நகமும் தோலின் மேலடுக்கும் அதே கெராட்டின்தான். மாட்டின் மயிர் எது, மனுசன் விரல் எது என்று அந்தத் தண்ணீருக்குப் பேதம் தெரியாது. பதப்படுத்துகிற கடைசிக் கட்டத்தில் மாட்டுத் தோல் வெடிக்காமலிருக்க அதற்கு எண்ணெய் ஏற்றுகிறார்கள். தொட்டியில் இறங்கியவனின் தோலுக்கு அந்த எண்ணெய்கூடக் கிடையாது.

இதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாத விசயம் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் குரோம் புண்ணும், ரசாயனம் பட்டு வரும் தோலழற்சியும் பெயர் சொல்லியே எழுதப்பட்டன. அந்த நோயோடு வரும் தொழிலாளியைப் பார்க்கிற டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 2020இன் பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை இருக்கிறது. ஆனால் நம் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டில் ‘அரிப்பு’ என்று எழுதி ஒரு களிம்பு. என்ன வேலை செய்கிறாய் என்ற கேள்வியே கிடையாது. தோழர்கள் யாராவது கூடப் போனால், செய்யும் வேலையையும் சீட்டில் எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். நாளைக்கு நஷ்டஈடு கேட்க அந்த ஒரு வரிதான் ஆதாரம்.

அடுத்தவரைக் குறை சொல்லிவிட்டு நான் நழுவ முடியாது. அம்மாவின் பித்தவெடிப்பை வறண்ட ஏரி என்று ஒரு கவிதை எழுதினேன். கூட்டத்தில் வாசித்தபோது கைதட்டினார்கள். ஒரு வாசலின் டப்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் உணர்ச்சி குறைந்திருந்தது. வெடிப்பில் சீழ் வைத்தது அவளுக்கே தெரியவில்லை. இரண்டு விரலை எடுத்தார்கள். நம் கவிதைகளில் காய்த்த கையும் வெடித்த காலும் ஏராளம். அந்தக் கைக்கும் காலுக்கும் என்ன செய்வது என்று நம் பத்திரிகைகளில் ஒரு பக்கம் வந்ததுண்டா? தோலைப் பார்த்துக்கொள்வது சீமாட்டிகள் சமாச்சாரம் என்று நாமே ஒதுக்கிவிட்டோம்.

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சுண்ணாம்புத் தண்ணீரோ ஈரச் சிமெண்டோ பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது இருபது நிமிசம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரி. எலுமிச்சையோ வினிகரோ ஊற்றி முறிக்கலாம் என்பார்கள். கூடாது. சல்பைடோடு அமிலம் சேர்ந்தால் விஷவாயு வரும். சித்தாள் வேலைக்குப் போகிற அக்காமார் கவனிக்க வேண்டியது, ஈரச் சிமெண்ட் உடனே எரியாது. முட்டி போட்டு வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் வெந்திருப்பது தெரியும். கிழிந்த கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம். உள்ளே புகுந்த தண்ணீர் அங்கேயே தங்கித் தோலை அரிக்கும். பெயிண்ட் போக மண்ணெண்ணெயிலும் தின்னரிலும் கை கழுவுகிறோமே, அதை நிறுத்த வேண்டும். சாதாரண சோப்பு போதும். ஈரம் காய்வதற்குள் வாசலினைக் கனமாகப் பூச வேண்டும். ராத்திரி படுக்கும்போது காலுக்கும் அப்படியே. சர்க்கரை இருப்பவர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

படர்தாமரைக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற டியூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், பிறகு இடுப்பு முழுக்கப் பரவும். 2018இல் அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைக்காரர் கொடுத்தாலும் நாம் வாங்கக் கூடாது. சிரங்கு வந்தால் வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் மருந்து பூச வேண்டும், டாக்டர் சொன்னபடி ஒரு வாரம் கழித்து மறுபடியும். அது சேரி வியாதி இல்லை. ஒரே அறையில் எட்டுப் பேரைப் படுக்க வைத்தால் அக்ரகாரத்திலும் வரும்.

ஆனால் இருபது நிமிசம் கழுவத் தொட்டிக்குப் பக்கத்தில் குழாய் வேண்டும். கழுவுகிற நேரத்துக்குக் கூலி பிடிக்காத மேஸ்திரி வேண்டும். கையுறை கிழிந்த அன்றைக்கே மாற்று வேண்டும். டப்பா வாசலினை நாம் வாங்கிக்கொள்ளலாம், குழாயை அவர்கள்தான் போட்டாக வேண்டும். கூலி உயர்வுக்கு அடிக்கிற துண்டறிக்கையில் இந்த மூன்றையும் ஏன் சேர்ப்பதில்லை?

பெரியப்பாவின் கணக்கு அன்றைக்கே திறந்தது. மிஷின் இல்லாமலும் கே.ஒய்.சி. முடிக்க வழி இருக்கிறது, சோம்பலில் நாங்கள்தான் சொல்வதில்லை. ஆதார் நகல், அந்த நீலத் திட்டு, ஒரு சாட்சிக் கையெழுத்து. சாட்சிக்கு நான் போடவில்லை. கை கழுவிட்டு வரச் சொன்னவரிடம் காகிதத்தை நீட்டினேன். கொஞ்ச நேரம் அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார்.