நீல வண்ணத்துப்பூச்சியைக் கண்டதும் தெளிப்பானைத் தூக்கலாமா?

கேள்வி: ‘‘துவரையில் உளுந்தை ஊடுபயிராகப் போட்டிருக்கிறேன். துவரை இப்போது பூவெடுக்கிறது. வயல் முழுக்கச் சின்னச் சின்ன நீல நிற வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. ‘காயைத் துளைத்துவிடும், உடனே மருந்தடி’ என்கிறார் பக்கத்து வயல்காரர். மருந்தடிக்கலாமா?’’

- வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: ‘‘அவசரப்பட வேண்டாம். பறக்கும்போது பார்த்தால் எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரியும். ஆனால், அதில் பயிரைக் கெடுப்பதும் உண்டு. களைச்செடியைத் தின்றுவிட்டுப் போவதும் உண்டு. எது என்று தெரியாமல் பூக்கும் பருவத்தில் மருந்தடித்தால், பணம் போவதோடு தேனீக்களும் போய்விடும்.

காலை வெயில் ஏறும் முன்பு வயலுக்குப் போங்கள். அந்த நேரத்தில் வண்ணத்துப்பூச்சிகள் இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும். நீலம் இருப்பது இறக்கையின் மேல்பக்கம். ஆளைக் காட்டிக்கொடுப்பது அடிப்பக்கம்.

அடிப்பக்கம் வெளிர் பழுப்பாக, அலை அலையான வெள்ளைக் கோடுகள் நெருக்கமாக ஓடி, பின் இறக்கையின் ஓரத்தையொட்டி அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது பட்டாணி நீல வண்ணத்துப்பூச்சி. பின் இறக்கை முனையில் இரண்டு கறுப்புப் பொட்டும் மெல்லிய வாலும் இருக்கும். இறக்கையை விரித்தால் சுமார் 3 செ.மீ. இருக்கும். பூங்கொத்துகளைச் சுற்றி வேகமாகப் பறக்கும். துவரை, அவரை, தட்டைப்பயறு, சணப்பு ஆகியவற்றின் மொட்டிலும் பூவிலும் முட்டை வைப்பது இதுதான்.

வாலும் இரண்டு பொட்டும் இருந்து, அலைக்கோடு இல்லாமல், சாம்பல் நிறத்தில் புள்ளிகள் மட்டும் இருந்தால் அது பயறு நீல வண்ணத்துப்பூச்சி. இதுவும் உளுந்து, தட்டைப்பயறு போன்றவற்றின் பூவையும் காயையும் தாக்கும்.

வாலே இல்லாமல், சாம்பல் நிறத்தில் சிறு புள்ளிகளோடு, தரையை ஒட்டித் தாழப் பறப்பவை புல் நீல வண்ணத்துப்பூச்சிகள். சுமார் 2 செ.மீ.தான் இருக்கும். குப்பைக்கீரை, நெருஞ்சி போன்ற களைகளின் இலைதான் இவற்றில் ஒரு வகையின் புழுவுக்குத் தீனி. வரப்போரம் நிறைய பறப்பவை பெரும்பாலும் இவைதான். இவற்றுக்காக மருந்தடிக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. வால் மெல்லியது, சீக்கிரம் ஒடிந்துவிடும். ‘வால் இல்லை, கவலையில்லை’ என்று இருந்துவிடாதீர்கள். கோட்டையும் புள்ளியையும் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

வண்ணத்துப்பூச்சியை வைத்து மட்டும் மருந்தடிக்கவும் கூடாது. வயலில் அங்கங்கே செடிகளைத் தேர்ந்தெடுத்து மொட்டு, பூ, பிஞ்சுக் காயைப் பிரித்துப் பாருங்கள். தட்டையாக, நத்தை போல ஊரும் வெளிர்பச்சைப் புழு இருக்கிறதா? காயில் துளை விழுந்து, எச்சத்தால் அடைபட்டிருக்கிறதா? பூங்கொத்தில் எறும்பு மொய்த்தால் அங்கே கட்டாயம் தேடுங்கள். இந்தப் புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் கூடவே இருக்கும்.

நூற்றில் பத்துக்கு மேல் சேதம் தெரிந்தால், 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப் கரைசல் சேர்த்து, தேனீ நடமாட்டம் அடங்கிய மாலை நேரத்தில் அடியுங்கள். பத்துக்குக் குறைவாக இருந்தால், தாக்கிய பூவையும் காயையும் பறித்து அழித்துவிட்டு, வாரம் ஒருமுறை பார்த்து வந்தால் போதும்.

பக்கத்து வயல்காரரையும் நாளைக் காலை கூட்டிக்கொண்டு போய் அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். இருவருக்குமே ஒரு தெளிப்புச் செலவு மிச்சமாகலாம்.’’