சேலை பளபளக்குது, சலவைக் கடைப் பெண்?

கல்யாணம், கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு பட்டுச் சேலைகளை டிரை கிளீனிங் கடையில் போடுகிறோம். கறை போச்சா, ஜரிகை கறுத்திருக்கா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். எதில் முக்கி எடுத்தார்கள் என்று கேட்டிருப்போமா?

பெரிய கடைகளில் மெஷினில் ஊற்றுவது பெரும்பாலும் 'பெர்க்' எனப்படும் பெர்குளோரோஎத்திலீன். சின்னக் கடைகளில் பெட்ரோல், டர்பன்டைன் வகையறா. பெர்க் தீப்பிடிக்காது, அதனால் அதற்கு மவுசு. ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனம். மூடிய அறையில் தரையோடு தங்கிவிடும். அதிலேயே நாள் முழுக்க நிற்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. வருஷக்கணக்கானால் ஈரல், சிறுநீரகம் வரை பாதிக்கலாம். புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 1995-லேயே சொல்லிவிட்டது. சலவைக் கடைகளில் 10 வருடத்துக்குள் படிப்படியாக நிறுத்தும்படி 2024 டிசம்பரில் அமெரிக்கா விதி போட்டது.

எங்கள் எளாவூர் பக்கத்திலிருந்து ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகும் பெண்களில் சலவைக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. "மொதல்ல வாடை குப்புனு அடிக்கும்க்கா, அப்புறம் பழகிடும்" என்கிறார்கள். மூக்குக்குப் பழகும். ஈரலுக்கு?

கைக்குழந்தைக்காரர்கள் இதைக் கேளுங்கள். 1977-ல் கனடா மருத்துவ இதழில் வந்த செய்தி. ஆறு வாரக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை. அப்பாவுக்குத் தோல் உடுப்புகளைச் சுத்தம் செய்யும் இடத்தில் வேலை. அம்மா மதியச் சாப்பாட்டு வேளையில் அங்கே போய்வருவாராம், அவ்வளவுதான்! தாய்ப்பாலில் பெர்க் இருந்தது. தாய்ப்பாலை நிறுத்தியதும் குழந்தை தேறியது. சும்மா போய்வந்தவருக்கே இப்படியென்றால், அங்கேயே நின்று இஸ்திரி போடுகிறவளுக்கு?

முன்பு கறை எடுக்கப் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடுக்கு 2010-ல் நம் நாட்டில் முற்றுப்புள்ளி வைத்தார்கள். அதுவும் ஓசோன் படலத்தைக் காக்க. தொழிலாளியைக் காக்க அல்ல! மூன்று பேர், நாலு பேர் வேலை செய்யும் கடையை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? பொதுவாக 10 பேர் இருந்தால்தான் இ.எஸ்.ஐ.யே வரும்.

துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க், தகுந்த கையுறை, தரையையொட்டி எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் முதலாளி செய்து தரவேண்டியவை. கேட்டால் வேலை போய்விடுமோ என்று அந்தப் பெண்கள் பயப்படுகிறார்கள். காசு கொடுக்கும் நாம் கேட்கலாமே! சேலையில் வாடை தூக்கலாக இருந்தால் சரியாக உலரவில்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுங்கள். கவரைப் பிரித்து வெளிக்காற்றில் தொங்கவிட்ட பிறகே பீரோவில் வையுங்கள். ஒருமுறை கட்டிய பட்டை நிழலில் ஆறப்போட்டாலே போதும், உடனே கடைக்குத் தூக்க வேண்டியதில்லை.

- ஒரு வாசகி, எளாவூர்.