ஒரு மணல்துகள், 144 லிட்டர் தண்ணீர்



கோடைக்கு முன் மொட்டை மாடித் தொட்டியைக் கழுவுவது நம் வீடுகளில் நல்ல வழக்கம். ஆனால் சில வீடுகளில் கழுவிய மறுநாளே ஃப்ளஷ் டேங்க்கில் தண்ணீர் நிற்காமல் ஓடத் தொடங்கும். பிளம்பர் வந்து வால்வை மாற்றுவார். கொஞ்ச நாளில் மறுபடியும் ஓடும். காரணம், தொட்டியைக் கழுவும்போது கிளம்பிக் குழாயில் வரும் மணல்.

ஃப்ளஷ் டேங்க் நிறைந்ததும் மிதவை மேலேறி வால்வை மூடுகிறது. தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வாஷர். போர் தண்ணீரில் வரும் மணலோ, பழைய இரும்புக் குழாயின் துருவோ, பி.வி.சி. குழாய் அறுத்தபோது உதிர்ந்த தூளோ அதில் சிக்கினால் வால்வு முழுசாக மூடாது. மிஞ்சும் தண்ணீர் டேங்க்குக்குள் இருக்கும் வழிவுக் குழாயில் இறங்கிக் கழிப்பறைப் பீங்கானுக்குள் போய்விடும். தரை நனையாததால் எளிதில் தெரியாது. நிமிடத்துக்கு 100 மில்லி போனாலே ஒரு நாளைக்கு 144 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்று அரசு வகுத்திருக்கும் அளவே 135 லிட்டர்தான். 2019-இன் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை நாம் மறக்கக் கூடாது.

தொட்டி கழுவினாலும் குழாய் வேலை நடந்தாலும் முதலில் கழிப்பறையின் ஆங்கிள் வால்வை மூடிவிடுங்கள். குளியலறையின் கீழ்க்குழாயைத் திறந்து, தண்ணீர் தெளியும்வரை வாளியில் பிடியுங்கள். பிறகு ஃப்ளஷ் டேங்க்குக்குப் போகும் டியூபைக் கழற்றி, ஆங்கிள் வால்வைத் திறந்து அதிலும் கொஞ்சம் தண்ணீரை வாளியில் விட்டபின் மாட்டுங்கள். கலங்கிய தண்ணீர் செடிகளுக்கு ஆகும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வாய் அடித்தளத்திலிருந்து சில அங்குலம் உயரத்தில் இருந்தால் வண்டல் கீழேயே தங்கும். போர் தண்ணீர் வீடுகளில் அந்தக் குழாயில் ஒய் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியை வைத்து, அதன் சல்லடையை அவ்வப்போது கழுவ வேண்டும். பல வால்வுகளின் நுழைவாயிலிலும் சிறு சல்லடை இருக்கும், அதையும் பாருங்கள். வாஷர் தேயாமல் இருந்தால் கழுவி மாட்டினாலே போதும்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சொட்டு நீலம் போதும். ஃப்ளஷ் டேங்க்கில் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், அவர்களுக்கும் பார்த்துக் கொடுங்கள். கண்டதை எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்