அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்



பத்திரிகையை எடுத்ததும் மரண அறிவித்தல் பக்கத்தைப் புரட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே பதிவுப் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர் இருக்கும். கிளி, ராசாத்தி, குஞ்சு, பேபி என்று ஏதாவது ஒன்று. நீண்ட பெயரை வாசிக்கும்போது 'யாரோ' என்றிருக்கும் மனம், அந்தச் சின்னப் பெயரைக் கண்டதும் 'ஐயோ, எங்கட கிளியக்கா!' என்று பதறும்.

அந்த அடைப்புக்குறி விடுபட்டால் என்ன நடக்கும் என்பதை அண்மையில்தான் கண்டேன்.

என் பெரியம்மா மாசி மாதம் கனடாவில் காலமானார். இங்கே வானொலியிலும் அறிவித்தல் கொடுத்தார்கள். ஆனி மாதம் அம்மன் திருவிழாவுக்காகக் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போனேன். பெரியம்மாவோடு கிளித்தட்டு விளையாடி வளர்ந்த ஆச்சி ஒருவர் அங்கே இருக்கிறார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "அவள் கறுப்பி சுகமாய் இருக்கிறாளோ பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. மெல்லச் சொன்னேன். ஆச்சி நிலத்தில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ரேடியோவிலை நயினாதீவு எண்டு ஒரு பேர் போனது பிள்ளை. தேங்காய் திருவிக்கொண்டு கேட்டனான். ஆரோ எண்டு இருந்திட்டன். கறுப்பி எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் திருவலையை விட்டு எழும்பியிருப்பன்" என்றார்.

அறுபது வருடச் சிநேகிதியின் பதிவுப் பெயர் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. அதில் அவரைக் குறை சொல்ல முடியுமா? நம் தீவுகளில் பதிவுப் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் கச்சேரிக்கும் உரியது. வீட்டில் புழங்குவது வேறு பெயர்.

இந்த வீட்டுப் பெயர்கள் வருவதற்குக் காரணங்கள் உண்டு. நயினாதீவில் நாகபூசணி அம்மனின் அருளை வேண்டி நாகேஸ்வரி, நாகம்மா, நாகராசா, நாகலிங்கம் என்று பெயர் வைப்பார்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் கத்தோலிக்க வீடுகளில் மேரியும் அந்தோனியும் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். ஒரு வளவுக்குள் மூன்று நாகேஸ்வரி இருந்தால் எந்த நாகேஸ்வரியைக் கூப்பிடுவது? தானாகவே ஒருத்தி கிளி ஆவாள், ஒருத்தி பூ ஆவாள்.

பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆனது. ஆனால் மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளையையே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத அந்தத் தாய் என்ன செய்வாள்? 'தம்பி', 'ராசா', 'அப்பு' என்பாள். அதுவே நிலைத்துவிடும்.

பிள்ளைகள் நிறைந்த வீடுகளில் பெரியக்கா, சின்னக்கா என்று தொடங்கி, ஆசையக்கா, குஞ்சக்கா என்று போகும். தெற்கில் கடை வைத்திருந்த தீவக வர்த்தகர்களின் வீடுகளில் காலி மாமா, கண்டி மாமா என்று கடை இருந்த ஊரே பெயராகிவிடும். வாய் திருந்தாத குழந்தை கூப்பிட்டதை வீடே பின்பற்றுவதும் உண்டு.

இனிப் பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். என் அம்மம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தவறிவிட்டன. மூன்றாவதாகப் பிறந்தவர்தான் பெரியம்மா. 31ஆம் நாள் துடக்குக் கழித்து அம்மனின் பெயரை வைத்தார்கள். ஆனால் அழகான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாவூறு பட்டுவிடும், யமனின் கண்ணிலும் பட்டுவிடும் என்று அம்மம்மாவுக்குப் பயம். அதனால் மாநிறமான பிள்ளையைக் 'கறுப்பி' என்று கூப்பிட்டார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், மூன்றாவதை ஒளித்து வைக்கக் கண்டுபிடித்த இடம் அந்தப் பெயர்.

ஆனால் எல்லார் வாயிலும் அது ஒரேமாதிரி இருக்கவில்லை. "அம்மா கூப்பிடேக்கை இனிக்கும். பள்ளிக்கூடத்திலை பட்டம் தெளிக்கேக்கை கசக்கும்" என்று பெரியம்மாவே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல் ஒன்றுதான். சொல்பவரின் மனம்தான் வேறு. கட்டைச்சி, தடிச்சி, சொத்தி என்று உடலைக் குத்தும் பெயரைப் 'பகிடிக்குத்தானே' என்று பிள்ளைமீது ஒட்டிவிடும் சகோதரிகள் இதை ஒருகணம் நினைக்கவேண்டும். கண்ணூறுக்குப் பயந்தும் இனி அப்படிப் பெயர் வேண்டாம்.

ஊருக்குத் திரும்பியதும் கனடாவில் இருக்கும் அண்ணாவுடன் தொலைபேசியில் கதைத்தேன். "அறிவித்தலிலை வீட்டுப் பேரை ஏன் அண்ணா போடேல்லை?" என்றேன். "கறுப்பி எண்டு உலகத்துக்கே சொல்லச் சொல்லுறியோ தங்கச்சி? அம்மாவை ஏளனம் செய்யிற பேர் எண்டுதான் நான் நினைச்சனான். எனக்கு வெட்கமாய் இருந்தது" என்றார்.

1990, 1991ஆம் ஆண்டுகளில் போரினால் தீவகத்திலிருந்து பெருந்தொகையானவர்கள் இடம்பெயர்ந்தபோது சிறுவனாக வெளியேறியவர் அவர். பெயர் அவரோடு கடல் கடந்தது. பெயரின் கதை கடக்கவில்லை. அம்மம்மா இழந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமே இல்லை.

நம் தீவுகளுக்கும் மற்றவர்கள் பெயர் வைத்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து வேலணைத் தீவை லைடன் என்றார்கள், காரைதீவை அம்ஸ்ரடாம் என்றார்கள், நெடுந்தீவை டெல்ஃப்ற் என்றார்கள். டெல்ஃப்ற் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் பரவலாக வழங்குகிறது. ஆனாலும் அந்த ஊர்த் தாய்க்கு அது நெடுந்தீவுதான். கூப்பிடுகிற வாய் உள்ளவரைதான் ஒரு பெயருக்கு உயிர்.

ஆகவே சகோதரிகளே, ஒரு கொப்பியை எடுத்து உங்கள் வீட்டாரின் பதிவுப் பெயரையும் வீட்டுப் பெயரையும் எழுதுங்கள். வீட்டுப் பெயரை யார் வைத்தார், ஏன் வைத்தார் என்பதையும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். உறுதி எழுதவும் உறவு தேடவும் நாளைக்கு அந்தக் கொப்பி உதவும். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்கு அதுவே முதுசமாகவும் இருக்கும்.

ஓராண்டு நினைவஞ்சலிக்கு அண்ணா எழுதிய வரிகளை எனக்கு அனுப்பியிருக்கிறார். பெரியம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இருக்கிறது. அது வெளிவரும் நாளில் நயினாதீவு ஆச்சியின் பக்கத்தில் இருந்து நானே அதை வாசித்துக் காட்டப்போகிறேன்.