சிக்கனம் யாருக்கு, பங்கு யாருக்கு?

கோடை வந்தால் போதும், "சொட்டு நீரையும் வீணாக்காதீர்" என்று பேனர் கட்டி, மாணவர்கள் கையில் துண்டறிக்கை கொடுத்து காலனிக்கு அனுப்பிவிடுகிறார்கள். தோழர்களே, தாராபுரத்திலோ திருப்பூரிலோ உங்களை அப்படி அனுப்பினால், கிளம்பும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு அரசு வைத்திருக்கும் அளவு 135 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 55 லிட்டர் என்பது நாலு குடம்கூட இல்லை. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு எல்லாம் அதற்குள்தான். துணி அலசிய தண்ணீரைக் கழிப்பறைக்கு எடுத்து வைக்கும் அம்மாவுக்கு நாம் என்ன சிக்கனம் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்?

மின்சாரமும் அப்படித்தான். 9 வாட் எல்இடி பல்பு ஒரு யூனிட்டைச் செலவழிக்க 111 மணி நேரம் எரிய வேண்டும். ஒன்றரை டன் ஏசிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். துண்டறிக்கை எந்த வீட்டுக்குப் போக வேண்டும்?

இதே மாவட்டத்தின் நொய்யலைப் பாருங்கள். 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாமல் சாயக்கழிவுத் தேக்கமானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. காவிரியிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் போட்டபோதே பெரும்பங்கு ஆலைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். ஆற்றைக் கெடுத்தது காலனிக் குடம் அல்ல.

"ஏழையும் குழாயைத் திறந்து போடுகிறானே" என்பார்கள். குழாயை மூடுவது எல்லோருக்கும் பொது, மறுக்கவில்லை. ஆனால் காலனித் தெருக்குழாயில் திருகு இல்லாமல் தண்ணீர் ஒழுகினால், அதை மாட்டவேண்டியது ஊராட்சி. அதைக் கேட்காமல் ஒழுக்கத்தை மட்டும் பேசினால் குற்றவாளி மாறிவிடுகிறார்.

தண்ணீர் இந்த மண்ணில் சாதி பார்த்தே பாய்ந்திருக்கிறது. பொதுக் குளங்கள் எல்லோருக்கும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923-இல் தீர்மானம் போட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20-இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு இறங்கித்தான் அந்த உரிமையை எடுக்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது.

எனவே துண்டறிக்கைக்கு முன் ஒரு மனு எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலவு, 30 நாளில் பதில் தரவேண்டும். தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு, எத்தனை வீட்டுக்கு, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள்? ஊருக்குத் தனியாக, காலனிக்குத் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

பங்கு சமமாகட்டும். அதற்குப் பிறகு சிக்கனம் பேசலாம், எல்லோரும் சேர்ந்தே.